புடவைக்கு ஒரு கையெழுத்து

புத்தூரில் பத்திரம் எழுதிப் பிழைப்பவன் நான். பெண்களின் விடுதலைப் பத்திரம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அண்ணன்காரன் தாம்பாளத்தில் புடவையும் வெற்றிலை பாக்கும் வைப்பான். தங்கை எடுத்துக்கொண்டு, அப்பன் சொத்தில் தனக்குப் பாத்தியதை இல்லை என்று கையெழுத்துப் போடுவாள். மகளுக்கும் பங்கு உண்டு என்று டில்லியில் சட்டம் வந்தபின் என் தொழில் இன்னும் பெருகியது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

1960 மார்ச்சில் சின்னசாமி தன் தங்கை அம்சவேணியை அழைத்து வந்தான். அவர்கள் நைனா, தாம் சம்பாதித்த நிலத்தையும் வீட்டையும் விட்டுவிட்டு இறந்திருந்தார். இவர்கள் இருவரே வாரிசு. அம்சவேணியின் புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். இரண்டு பெண் குழந்தைகளோடு அவள் புத்தலப்பட்டில் கூலி வேலை செய்துகொண்டிருந்தாள். அந்த நிலத்தை விட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை.

ஏப்ரல் முதல் தேதி நைனாவின் ஊர் ஆந்திராவிலிருந்து பிரிந்து மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்கிறது, அங்கே பெண்ணுக்குப் பங்கு கிடையாது, அவள் பாதியைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும், இப்போதே எழுதிக்கொடுத்தால்தான் வம்பில்லாமல் நிலம் குடும்பத்தில் தங்கும் என்று சின்னசாமி அவளை நம்ப வைத்திருந்தான். பச்சைப் பொய். தெரிந்தும் வாயில் கொழுக்கட்டை வைத்தவன் போல எழுதினேன். எனக்குக் கூலி கொடுப்பவன் அவன்.

எழுதி முடித்ததும் அம்சவேணி படித்துக் காட்டச் சொன்னாள். ‘என் முழு மனதோடு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல்’ என்ற வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அத நா எப்போ சொன்னேன் ஐயா?”

எல்லோருக்கும் போடுகிற வரிதான் என்றேன். என் சொந்தத் தங்கை சுந்தரம்மாவுக்கும் அதையேதான் போட்டேன்; அவள் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். அந்த நினைப்பு சுருக்கென்று குத்தியது. மெட்ராஸில் வேறு சட்டமா என்று அம்சவேணி அடுத்துக் கேட்டபோது என்னால் மழுப்ப முடியவில்லை. இரண்டு பக்கமும் ஒரே சட்டம், நிலத்தில் சரிபாதி உனக்கு, புருஷன் கைவிட்டவள் ஆனதால் அந்த வீட்டில் குடியிருக்கவும் உரிமை உண்டு என்று சொல்லிவிட்டேன்.

சின்னசாமி என்னை முறைத்தான். பிறகு தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“கையெழுத்துப் போடலன்னா பொறந்த வூடே ஒனக்குக் கெடையாது. பொங்கலுக்குச் சீர் எடுத்துக்கினு நா வரமாட்டேன்.”

எத்தனையோ பெண்கள் இந்த இடத்தில்தான் பேனாவைக் கையில் எடுத்தார்கள். அம்சவேணிக்கும் கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“நீ வர வேணாண்ணா. பொங்கலுக்கு நா அங்கதான் இருப்பேன்.”