முப்பத்தேழாவது பை

அந்த ஆளின் படம் என் வெட்டுமேசைக்கு மேலே ஐந்து வருடம் தொங்கியது. நாடே தோளில் மாட்டிக்கொண்டு திரியும் தோல்பைகளைச் செய்தவர். படத்துக்குக் கீழே, அவர் பேட்டியில் சொன்னதைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தேன்: "என் முதல் நூறு பைகளையும் நானே வெட்டிப் போட்டேன்."

நானும் வெட்டினேன். நான் தோலை அளந்து கொடுக்க, அக்கா தைப்பாள். தைத்து முடித்த பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு குறையைக் கண்டுபிடித்து, பெரிய கத்தரிக்கோலால் நட்டநடுவில் வெட்டிவிடுவேன். தேடினால் குறையா கிடைக்காது?

முப்பத்தேழாவது பைக்கு உள்ளே சிவப்புத் துணி, ஓரமெல்லாம் அக்காவின் பொடித் தையல். அவள் அதை மடியை விட்டு இறக்கவே இல்லை.

"இது ஒண்ணை மட்டும் விட்டுடுடீ. நான் வெச்சுக்கறேன்."

"நூறு வரைக்கும் எதுவும் மிஞ்சக் கூடாதுக்கா. அவரே அப்படித்தான் செஞ்சாரு."

"அவருக்கு யாரு தைச்சாங்களாம்?"

பையை அவள் மடியிலிருந்து பிடுங்கினேன். அவள் கண்ணெதிரிலேயே வெட்டினேன். மறுநாள் அந்த இரண்டு துண்டையும் தன் ஊசி டப்பாவையும் எடுத்துக்கொண்டு அக்கா தனி வீடு பார்த்துப் போய்விட்டாள். ஏதோ தொழிற்சாலையில் தைக்கிறாள் என்று கேள்வி. ஒன்றரை வருடமாக என்னோடு பேச்சில்லை. நூறு முடிந்ததும் ஒரு நல்ல பையோடு போய் நின்றால் மனம் இறங்குவாள் என்று, நானே தைத்து நானே வெட்டிக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றொன்று ஆகியிருந்தது.

போன வாரம் அவர் எங்கள் ஊருக்குப் பேச வந்தார். கேள்வி நேரத்தில் முதல் ஆளாக எழுந்தேன்.

"சார், அந்த நூறு பைல என்ன குறை இருந்துச்சு? எதைப் பாத்து வெட்டுனீங்க?"

அவர் சிரித்தார். "அட, அது ஒரு பேச்சுக்குச் சொன்னதும்மா. அத்தனையையும் வித்துட்டேன். வெட்டிப் போட்டா சோத்துக்கு எங்க போறது?"

மண்டபமே சிரித்தது. எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

"நான் தொண்ணூத்தொண்ணு வெட்டியிருக்கேன்யா!" என்று கத்தினேன். சிரிப்பு இன்னும் கூடியது. மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து படத்தைச் சுக்குநூறாகக் கிழித்தேன். ஆத்திரம் அடங்கவில்லை. மறுநாள் காலையில் புளுகன், பொய்யன் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே அக்கா வீட்டுக்குப் போனேன். சேர்ந்து அவனைத் திட்டினால் நாங்கள் இருவரும் மறுபடி ஒரு பக்கம் ஆகிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தோளில் அதே பை. நடுவில், மேலிருந்து கீழ்வரை, தடித்த நூலில் ஒட்டுத் தையல் ஓடியது.

"அவன் ஒண்ணைக்கூட வெட்டலையாம்க்கா. நம்மளை ஏமாத்திட்டான்."

"அவன் வாயால சொன்னான். கத்தரிக்கோல் யாரு கையில இருந்துச்சு?"

அந்தத் தையலைத் தொடக் கை நீட்டினேன். அக்கா வெடுக்கென்று பையை மறுதோளுக்கு மாற்றினாள்.

"முதல்ல கையைக் காட்டு."

கத்தரிக்கோல் இல்லாத வெறுங்கை இரண்டையும் விரித்துக் காட்டினேன். பார்த்தாள். நம்பவில்லை. பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள்.