வரி வரியாக லினக்ஸ்

ஒரு சனிக்கிழமை காலை என் மனைவியின் மடிக்கணினி திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. மதியமும் சுற்றிக்கொண்டேயிருந்தது. உள்ளே அவள் மாதக்கணக்கில் மொழிபெயர்த்த நாவல். திங்களன்று பதிப்பகத்தில் கொடுக்க வேண்டும். வேறு பிரதி கிடையாது.

உடனே அவள் தம்பி வந்து இறங்கினான். மென்பொருள் நிறுவனமொன்றில் விற்பனைப் பிரிவு. குடும்பத்தில் அவனுக்கு நிபுணர் என்று பட்டம், வழங்கியவனும் அவனே. எந்தக் கணினி மக்கர் செய்தாலும் தலையைச் சாய்த்து "ம்ம்... கெர்னல்" என்பான். அது என்னவென்று கேட்கும் துணிச்சல் எங்களில் யாருக்கும் வந்ததில்லை. யாராவது கேட்டிருந்தால் அவன் பாடு திண்டாட்டம்தான்.

"விண்டோஸ எடுத்துட்டு லினக்ஸ் போட்டுடலாம்க்கா. பென்டிரைவ்லயே கொண்டாந்துட்டேன். காபி ஆறுறதுக்குள்ள முடிஞ்சிரும்."

சொருகினான். மடிக்கணினி கண்டுகொள்ளவேயில்லை. உருவி, ஊதி, மறுபடி சொருகினான்.

"போர்ட்டே போச்சு மாமா. புதுசு வாங்கிடுங்க."

மனைவி அதற்குள் என் கணினியில் லினக்ஸின் வழிகாட்டிப் பக்கத்தை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்தைக்கூட விடாதவள் அவள்.

"டேய், டவுன்லோடு பண்ணின ஃபைல அப்படியே காப்பி பண்ணிட்டியா?"

"பின்ன? தலையில தூக்கிட்டா வருவாங்க?"

"பாட்டு ஏத்துற மாதிரி ஏத்தினா பூட் ஆகாதாம், கம்ப்யூட்டர் அதுலேர்ந்து கிளம்பாதாம். அதுக்குன்னு ஒரு புரோகிராம் இருக்கு, அத வச்சு எழுதணுமாம்."

"அதத்தான்க்கா நானும் சொல்ல வந்தேன்."

அவளே பென்டிரைவில் எழுதினாள். இந்த முறை மடிக்கணினி விழித்துக்கொண்டது, மெனு வந்தது. நிபுணருக்கும் உயிர் வந்தது. "தள்ளுக்கா" என்று உட்கார்ந்து, படபடவென்று நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போனான்.

"கைய எடு!"

எடுத்தான். மடிக்கணினியின் வன்வட்டிலுள்ள அனைத்தையும் அழித்துவிட்டு நிறுவவா என்று திரை பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவரை அவன் விரல் என்டருக்கு மேலேதான் நின்றிருந்தது. அவள் அவனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

"நிறுவாமலே ஓட்டிப் பாக்கலாம்னு முதல்லயே ஒரு வரி வந்துச்சே. நீ எங்க படிச்சே?"

மெனுவுக்குத் திரும்பப் போய் அந்த வரியைத் தேர்ந்தெடுத்தாள். பென்டிரைவிலிருந்தே லினக்ஸ் ஓடியது. மடிக்கணினியின் வன்வட்டைத் திறந்தாள். நாவல் அத்தியாயம் அத்தியாயமாக அங்கேயே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. இன்னொரு பென்டிரைவில் நகலெடுத்து, என் கணினியில் செருகி, ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்த்தாள். அதன் பிறகுதான் மூச்சு விட்டாள். விட்ட கையோடு கடைசி அத்தியாயத்தில் ஒரு பிழையும் கண்டுபிடித்தாள்.

"எனக்கு வேலையிருக்கு. இனிமே அழிச்சா பரவாயில்ல. நீங்க ரெண்டு பேரும் போடுங்க. ஆனா ஒவ்வொரு வரியும் சத்தமா படிச்சிட்டுத்தான் அமுக்கணும்."

என் கணினியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். நானும் நிபுணரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"உங்கள் விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கவும்" என்று அவன் உரக்கப் படித்தான்.

"ம். அடுத்தது?" என்றது பக்கத்து அறை.