கல்யாணத்துக்கு முந்தைய எபிசோட்

தொலைக்காட்சித் தொடர் எழுதுகிறவர்களில் அவளைக் கைராசிக்காரி என்பார்கள். சிரிக்கிற முகத்தைக் காட்டி, அது சுருங்கும் நொடியில் விளம்பரத்துக்கு விடுவாள். பெண்ணுக்கு வேலை கிடைத்தால் அதே எபிசோடில் அப்பாவுக்கு நெஞ்சு வலிக்கும். "இன்னிக்கு யாரை ஏத்துறோம், யாரை இறக்குறோம்?" என்று தயாரிப்பாளர் தினமும் கேட்பார். பதில் இல்லாமல் அவள் அலுவலகத்துக்குள் நுழைந்ததே இல்லை.

பதில்களில் பாதி அக்காவிடமிருந்து எடுத்தவை. அப்பா அம்மா போன பிறகு அவளை ஆளாக்கியது அக்காதான். பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை. சூடான உருளைகளுக்குள் படுக்கை விரிப்புகளை நுழைத்து மறுபக்கம் மடித்து வாங்க வேண்டும். முழங்கை வரை சூட்டுத் தழும்புகள். அக்காவின் ஒரே குழந்தை பிறந்த நான்காம் நாள் இறந்தது. அன்று காலையில்தான், சித்தி வீட்டில் தங்கியிருந்த தங்கைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த கடிதம் வந்திருந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து போனில் "நல்லா படிடி" என்று சிரித்துப் பேசிய அக்கா, மூன்று நாள் கழித்துத்தான் விஷயத்தைச் சொன்னாள். அடுத்த வருடம் புருஷனும் விட்டுப் போனான்.

கடிதத்தையும் குழந்தையையும் ஒரே எபிசோடில் வைத்து எழுதியபோது ஊரே அழுதது. சலவைப் பிரிவுப் பெண்கள் சாப்பாட்டு அறை டிவியில் பார்த்து மூக்கைச் சிந்தினார்கள். மாலையில் அக்கா போன் செய்தாள்.

"ஆஸ்பத்திரியில நான் போட்டிருந்த நைட்டி கலரைக்கூட விடலையேடி."

"உன் கதைன்னு யாருக்குக்கா தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

இனித் தொட மாட்டேன் என்று தங்கை சத்தியம் செய்தாள். இரண்டு வருடம் அதைக் காப்பாற்றவும் செய்தாள்.

நாற்பத்தாறு வயதில் அக்காவுக்கு மாப்பிள்ளை வந்தார். அதே மருத்துவமனையின் ஆம்புலன்ஸ் டிரைவர், மனைவியை இழந்தவர். பதிவுத் திருமணத்துக்கு நாள் குறித்துவிட்டு அக்கா தங்கையின் வீட்டுக்கு வந்தாள். காதில் புதுக் கம்மல். பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னாள்: அவர் முன்பு வேறு ஊரில் லாரி ஓட்டியவர். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒரு குழந்தை அடிபட்டு இறந்துவிட்டது. ஆறு மாதம் சிறையில் இருந்தார். அதை மறைத்துத்தான் இங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்.

"என்கிட்ட மட்டும்தான் சொன்னாரு. நீ பாட்டுக்கு எழுதிடாத."

"போக்கா, நான் என்ன பைத்தியமா?"

அந்தச் சந்தோஷத்தில் தங்கை, தொடரில் வரும் அக்காவுக்கும் ஒரு மாப்பிள்ளை பார்த்தாள். நான்கு வாரம் எல்லாரும் சிரித்தார்கள். பார்ப்பவர்கள் எண்ணிக்கை சரசரவென்று இறங்கியது.

"எல்லாரும் நல்லா இருக்காங்கம்மா. எவன் பார்ப்பான்?" என்றார் தயாரிப்பாளர். "கல்யாணத்துக்கு முந்தின எபிசோட்ல ஏதாவது விழணும். இல்லன்னா சேனல்ல வேற ரைட்டர் பார்க்கச் சொல்றாங்க."

தீ விபத்து சொன்னாள். நோய் சொன்னாள். அவர் பேனா மூடியைக் கடித்தபடி, "பார்த்தாச்சு, பார்த்தாச்சு" என்றார். நாலாவதாக அவள் வாயிலிருந்து வந்தது: "மாப்பிள்ளை ஜெயிலுக்குப் போய் வந்தவன் சார். அவன் கையால ஒரு குழந்தை செத்திருக்கு."

அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

ஆம்புலன்ஸைப் பள்ளி வேனாக்கினாள். லாரியை டிராக்டராக்கினாள். அது போதும் என்று தன்னையே நம்ப வைத்தாள்.

சலவைப் பிரிவுக்கு அது போதவில்லை. எழுதியது யாருடைய தங்கை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். முதல் நாள் ஜாடை பேசினார்கள். மறுநாள் யாரோ நிர்வாகத்தின் காதில் போட்டார்கள். பழைய ஊரில் விசாரித்தார்கள். வாரம் முடிவதற்குள் டிரைவரை அனுப்பிவிட்டார்கள். கிளம்பும் முன் அவர் சலவைப் பிரிவு வாசலுக்கு வந்து, "உங்ககிட்ட மட்டும்தானேங்க சொன்னேன்" என்றார். உடனே படியிறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் போன் எடுக்கவில்லை.

அந்த வாரம் தொடர் முதலிடம். அலுவலகத்தில் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது அக்கா வேலைச் சீருடையோடு உள்ளே வந்தாள். யாரோ அவள் கையிலும் ஒரு துண்டு கேக்கைக் கொடுத்தார்கள். அவள் அதை மேஜையில் வைத்தாள்.

"அக்கா, வேலை போயிடும்னு பயந்துட்டேன். வண்டியெல்லாம் மாத்தித்தான்கா எழுதினேன்."

"தெரியும். பார்த்தேன்." அக்காவின் குரல் உயரவே இல்லை. "ஏன்டி, மேல ஏறினவ ஒருத்தியை அங்கேயே விட்டிருந்தா உன் கதைக்கு என்ன குறைஞ்சுபோகும்?"

தங்கை அவள் கையைப் பிடித்தாள். அக்கா உதறவில்லை. பிடி தளரும் வரை காத்திருந்து, பிறகு நடந்தாள்.

தங்கை மூன்று முறை அக்கா வீட்டுக்குப் போனாள். உள்ளே விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை. நாலாவது முறை பூட்டு தொங்கியது. மருத்துவமனையில் கேட்டபோது, வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டாள், எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள் என்றார் மேற்பார்வையாளர்.

"இப்ப ஏத்தணும்மா," என்றார் தயாரிப்பாளர். "கல்யாணம் நின்னதுல பிரிஞ்ச அக்காவும் தங்கச்சியும் சேரணும்."

எட்டு முறை எழுதினாள். தங்கை மன்னிப்புக் கேட்கும் வரை பேனா ஓடியது. அக்கா வாய் திறக்க வேண்டிய இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. கடைசியில் தயாரிப்பாளரே உட்கார்ந்து அரை மணி நேரத்தில் எழுதி முடித்தார். மழையில் இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். "உன் மேல எனக்கு என்னடி கோபம்" என்றாள் தொடரின் அக்கா. அந்த வாரமும் முதலிடம். எழுத்து என்று தங்கையின் பெயரைத்தான் போட்டார்கள்.