ஒரு ஸ்பூன் எவ்வளவு

மில்லிலிட்டர் என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குப் பிடிபடவே இல்லை. கண்ணால் பார்க்காததை அவர்கள் ஏன் நம்ப வேண்டும்? அதனால் போன வாரம் டீச்சர் தன் வீட்டுச் சர்க்கரை ஸ்பூனைக் கைப்பையில் போட்டு எடுத்து வந்தாள். அதில் தண்ணீரை மொண்டு, கோடு போட்ட குவளையில் ஊற்றிக் காட்டினாள். கரும்பலகையில் எழுதியும் போட்டாள். மூன்றாம் வகுப்பு கூரை அதிரக் கத்தியது: "ஒரு ஸ்பூன், அஞ்சு மில்லி!"

அதில் உரத்த குரல் பெரிய மனுஷியுடையது. எட்டு வயதில், "எங்கே டீச்சர், ஒரு நிமிஷம் உக்கார நேரமிருக்கு?" என்று அலுத்துக்கொள்கிறவளை மற்ற ஆசிரியைகள் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

இன்று பாடத்தின் நடுவில் அவள் எழுந்து நின்றாள்.

"டீச்சர், நீங்க சொல்லிக்குடுத்தது எங்க வீட்ல நல்லா உதவுச்சு. தம்பிக்குக் காய்ச்சல். அம்மா விடியறதுக்குள்ள வேலைக்குப் போயிடுவாங்க, நான்தான் மருந்து குடுக்கிறேன். பாட்டிலோட வந்த அளவு மூடி எங்கயோ தொலைஞ்சு போச்சு. அம்மா ஒரே பதட்டம். அஞ்சு மில்லிதானேம்மா, ஒரு ஸ்பூன் குடுத்தாப் போதும்னு சொல்லிட்டேன்."

"வந்துட்டாங்கப்பா டாக்டரம்மா," என்றான் கடைசி பெஞ்சுக்காரன். வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தாள். பிறகுதான் கேட்டாள்.

"எந்த ஸ்பூன்மா?"

"எங்க வீட்ல ஒண்ணுதானே இருக்கு. எல்லாருக்கும் குழம்பு எடுத்து ஊத்துவோமே, அது." உள்ளங்கையைக் குழித்துக் காட்டினாள். "நெறைய நெறைய ஊத்தினேன். ஒரு சொட்டுகூடச் சிந்தல."

"எத்தனை தடவை குடுத்தே?"

"காலையில, ஸ்கூல் விட்டுப் போனதும், படுக்கறப்போ. நேத்தும் முந்தாநேத்தும். இன்னிக்குக் காலையிலயும்."

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தாள். எல்லா வீட்டு ஸ்பூனும் ஒன்றல்ல என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். பிள்ளைகள் குழம்பிப்போவார்கள் என்று அதை விட்டிருந்தாள். எளிமையாகச் சொல்லிக்கொடுப்பவள் என்று அவளுக்குப் பெயர்.

அம்மாவின் போன் அணைந்திருந்தது. பேக்கிங் கம்பெனியில் வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். தலைமையாசிரியை, "கம்பெனிக்கு நான் சொல்லி அனுப்புறேன், இங்கயும் பாத்துக்குறேன், நீ ஓடு," என்றாள். பள்ளி வேன் டிரைவர் டீச்சரையும் பெரிய மனுஷியையும் அவள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

தம்பி பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் இருந்தான். வெட்டுத் துணிக் குவியலின் மேல் படுத்திருந்தான்.

"காலையிலேருந்து வாந்தி, டீச்சரம்மா. காய்ச்சல்னா அப்படித்தானேன்னு இருந்துட்டேன்."

டீச்சர் அவனைத் தூக்கினாள். தலை அவள் தோளில் சாய்ந்தது, கண் திறக்கவில்லை. யாரும் சொல்லாமலே பெரிய மனுஷி தன் வீட்டுக்கு ஓடி, மருந்து பாட்டிலையும் அந்த ஸ்பூனையும் எடுத்து வந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பாட்டிலைப் பார்த்தாள், ஸ்பூனைப் பார்த்தாள். அதில் தண்ணீர் நிரப்பி அளவுக் குவளையில் ஊற்றினாள். தண்ணீர் ஐந்தைத் தாண்டியது. பத்தைத் தாண்டியது. இருபதுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. கோட்டைப் படிக்க டீச்சருக்கு யாரும் உதவ வேண்டியிருக்கவில்லை.

"ஒரு ஸ்பூன்னு யாரு சொன்னது?"

"நான்தான்," என்றாள் டீச்சர். அதற்குள் டாக்டர் நர்ஸிடம் திரும்பியிருந்தாள். ரத்தம் எடுங்க, ஈரல் எப்படியிருக்குன்னு பாக்கணும். பையனை உள்ளே கொண்டுபோனார்கள்.

அம்மா வந்தபோது கம்பெனித் தொப்பியைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. பெரிய மனுஷி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, நான் தப்பா அளந்துட்டேம்மா."

அம்மா டீச்சரின் கைகளைப் பிடித்தாள். "நல்லவேளை, நீங்க இருந்தீங்க. டீச்சர் சொன்னாங்க, டீச்சர் சொன்னாங்கன்னு வீட்ல வேற பேச்சே கெடையாது."

"இல்லம்மா. அவ சரியாத்தான் அளந்தா. நான்..."

"பையனோட அம்மா மட்டும் உள்ள வாங்க," என்றாள் நர்ஸ். அம்மா கைகளை விட்டுவிட்டு ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது.

நீள பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். முடிவு வர சாயங்காலம் ஆகும் என்றிருந்தார்கள். மன்னிப்பா, ஆறுதலா, எதை முதலில் சொல்வது என்று டீச்சர் தேடினாள். எதைச் சொன்னாலும் அது இந்தப் பிள்ளைக்காகவா, தனக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

"இருபதை ஏழால பெருக்கணுமா டீச்சர்?" என்று கேட்டாள் பெரிய மனுஷி. "ஆனா வாந்தி எடுத்துட்டானே. அதைக் கழிச்சிரலாமில்ல?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் விரல்களை மடக்க ஆரம்பித்திருந்தாள்.