தாய்மாமன் ஓட்டிய தோணி

உப்பங்கழியில் தண்ணீர் ஏறி நிற்கும்போதே தோணியை எடுத்துவிட வேண்டும் என்பது ஆண்டியப்பனுக்குத் தெரியாததல்ல. மீமிசல் பக்கத்தில் உப்புத் தோணி ஓட்டியே தலை நரைத்தவர். அதிலும் அன்று மேல்காற்று. அது தண்ணீரைக் கடலுக்குத் தள்ளிவிடும். வற்றம் சீக்கிரமே தொடங்கிவிடும். ஆனாலும் மனிதர் கரையில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இவ்வளவுதான். தங்கை மகள் செங்கமலத்துக்கு அக்கரையில் கல்யாணம். தாய்மாமனுக்குத்தான் முதல் தாம்பூலம். கல்யாண அவசரத்தில் அது ஒரு பங்காளியின் கைக்குப் போய்விட்டது. அதற்குத்தான் இந்தக் கூத்து.

"தெரியாம நடந்துபோச்சுண்ணே. வந்து தோணிய எடுங்க," என்று தங்கை காத்தாயி தாம்பூலத் தட்டோடு நின்றாள்.

"இப்பத்தான் என் நெனப்பு வந்துச்சாக்கும்."

அவள் காலில் விழுந்த பிறகே எழுந்தார். அதற்குள் கரையோரச் சேறு ஈரமாய்த் தெரிய ஆரம்பித்திருந்தது. பார்த்தார். தண்ணீர் இறங்குகிறது என்று சொன்னால், யாரால் தாமதம் என்று கேட்பார்களே. வாயை மூடிக்கொண்டு சுக்கானைப் பிடித்தார்.

முகத்துவாரத்துக்கு அருகே நீரோட்டம் தோணியை ஒதுக்கித் தள்ளியது. அக்கரை எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருக்கும்போது அடி தரைதட்டி நின்றது. மூங்கிலை ஊன்றித் தள்ளியும் அசையவில்லை. மணப்பெண் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் சேற்றில் இறங்கி நடந்தாள். கரையில் காத்திருந்த நாயனக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். பின்னால் நடந்த ஆண்டியப்பனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"முகூர்த்தம் தாண்டப் பாக்குது. ஏன் இம்புட்டு நேரம்?" என்றாள் மாப்பிள்ளையின் தாய், அவரைப் பார்த்தே.

அவர் வாய் திறக்குமுன் காத்தாயி முந்திக்கொண்டாள். "அண்ணன் வெள்ளனவே கூப்புட்டாருங்க. தண்ணி வத்திரும்னு தலபாடா அடிச்சுக்கிட்டாரு. பொண்ணு சிங்காரிச்சு முடிக்கத்தான் நேரமாயிருச்சு."

அந்த அம்மாள் செங்கமலத்தின் சேற்றுக் கால்களைப் பார்த்தாள். "சிங்காரிச்ச லட்சணம் தெரியுது. எங்க வீட்ல இந்தச் சோம்பலெல்லாம் ஆகாதும்மா."

"சரிங்கத்தை," என்றாள் செங்கமலம். இருட்டோடு எழுந்து குளித்து, கரையில் மாமனுக்காகக் காத்து நின்ற பெண் அவள்.

நான்தான் காரணம் என்று ஒரு வார்த்தை. சொன்னால் தீர்ந்துவிடும். சுற்றி இரண்டு ஊரும் நின்றது.

அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். "பாவம், ஒங்களத்தான் இந்தப் பொண்ணு ரொம்பக் காக்க வச்சிருச்சு."

செங்கமலம் நிமிர்ந்து மாமனைப் பார்த்தாள். ஆமாம் என்று ஆண்டியப்பன் தலையை ஆட்டினார்.