நீலச் சிலிண்டர்

பொழுது விடிவதற்குள் லாரியைக் காலி செய்தாக வேண்டும். லோகநாயகி ஒரு சிலிண்டரைத் தோளில் ஏற்றினாள். பனியில் நனைந்த இரும்பு எலும்பைத் தேடி அழுத்தியது. மாமல்லபுரத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் ஆயாவுக்குச் சுமையும் சேர்த்துத்தான் ஒரு கூலி.

போன வாரம் அவள் புருஷன் ஜம்புலிங்கம் குடலிறக்கத்துக்காக அதே ஆஸ்பத்திரி மேசையில் படுத்தான், எழுந்திருக்கவில்லை. மயக்க மருந்து மெஷினில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்க வேண்டிய இடத்தில் மயக்க வாயு சிலிண்டர் மாட்டியிருந்தது. கறுப்பு ஆக்சிஜன், நீலம் மயக்க வாயு. உப்புக்காற்றில் இரண்டுமே துருநிறம். மாட்டியவன் தியேட்டர் வேலையாள் சடையன்.

முதலாளி டாக்டர் நரசிம்மன் இருவரையும் கூப்பிட்டார்.

"சடையன் பேர்ல போலீஸ்ல சொல்லிடு லோகநாயகி. உன் தாலியை அறுத்தது அவன் கைதான். உன் வேலையைப் பர்மனெண்ட் பண்ணிடறேன்."

"ஆமாக்கா, நான்தான் மாட்டினேன்" என்றான் சடையன், தரையைப் பார்த்து.

அவள் கை ஓங்கியது. "பாடையில போறவனே, அது எப்பிடிடா பூந்துச்சு?"

"மெஷின்ல பின்னு இல்லியேக்கா."

ஓங்கிய கை நின்றது. மெஷினில் முன்பு இரண்டு சின்னப் பின்கள் இருந்தன. தப்பான சிலிண்டரை அவை உட்கார விடா. மலிவாக வாங்கிய சிலிண்டர்கள் உட்காரவில்லையென்று முதலாளி அந்தப் பின்களைப் பிடுங்க வைத்ததை ஆஸ்பத்திரியே பார்த்தது.

"மனுசன் கை தப்பும்னுதானே பின்னு வெச்சான்? அதப் புடுங்கினது யாரு? ரெண்டாள் வேலைய இவன் ஒருத்தன் தலையில கட்டினது யாரு? இவன் கை மட்டும் உன் கண்ணுக்குத் தெரியுதா?"

அதுவரை அவள் அவரை 'அய்யா' இல்லாமல் பேசியதில்லை.

"வாயை அடக்கு! வேலைக்கு வாசல்ல நூறு பேர் நிக்கறான்."

"நிக்கட்டும். அவனுங்க கையுந்தான் தப்பும்."

வெளியே வந்து, இறக்கிய சிலிண்டர்களுக்குக் குறுக்கே உட்கார்ந்தாள். "பின்னு வர்ற வரைக்கும் ஒண்ணும் உள்ள போவாது. இன்னிக்கு ஆபரேசனுக்கு வந்த செய்யூர்க்காரிய வண்டி வெச்சு செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பு!"

கம்பவுண்டர் ஏசுபாதம் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து, அவளருகே உட்கார்ந்தார். சமையற்கட்டு மாரியம்மா கரண்டியோடு வந்தாள். செய்யூர்க்காரியின் புருஷனும் துண்டை உதறிக்கொண்டு வந்தான். உள்ளே நரசிம்மன் போலீஸுக்குப் போன் செய்யும் குரல் கேட்டது.

சடையன் மட்டும் தள்ளியே நின்றான்.

"இன்னாடா, உனக்கு வெத்தல பாக்கு வெச்சு அழைக்கணுமா?" என்றாள் லோகநாயகி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.