குப்பை ஃபோல்டரில் கனபாடம்

என் அக்காவைக் கல்யாணம் செய்துகொள்ள ஓர் ஒலிப்பதிவு எடிட்டர் ஆசைப்பட்டார். அக்காவுக்கும் ஆசைதான். அப்பாவின் கண்ணுக்கு மட்டும் அவரிடம் ஹெட்போனைத் தவிர வேறெதுவும் தட்டுப்படவில்லை.

"முதல்ல என் பாராயணத்தை ஒழுங்கா பதிவு பண்ணிக் குடுக்கட்டும். அப்புறம் பொண்ணு பேச்சு."

அப்பா வேத சூக்தங்களைக் கனபாடமாகச் சொல்பவர். அதாவது, நேராகச் சொன்னால் போதாது. ஒன்று இரண்டு, இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு மூன்று, மூன்று இரண்டு ஒன்று, மறுபடி ஒன்று இரண்டு மூன்று என்று சொற்களை முன்னும் பின்னுமாகப் பின்னிக்கொண்டே போகவேண்டும். எழுதி வைக்காத காலத்தில் ஒரு சொல்லும் தொலையாமலிருக்கப் போட்ட பூட்டு அது. இதை எடிட்டரிடம் யாரும் சொல்லவில்லை.

பதிவெல்லாம் முடிந்து, ஒருநாள் மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"சார், நல்ல குரல். ஆனா ரொம்ப திக்குறீங்க. சொன்னதையே சொல்றீங்க, நடுநடுவுல தலைகீழா வேற. எல்லாத்தையும் வெட்டிட்டேன். இப்ப காபி ஆறுறதுக்குள்ள முடிஞ்சுடும்."

அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆயிரக்கணக்கான வருஷமா யாராலயும் ஒரு சொல்லைக்கூட தொலைக்க முடியல தம்பி. நீங்க சாதிச்சுட்டீங்க."

"வெட்டினதை என்ன பண்ணின?" என்றாள் அக்கா.

"பத்திரமா இருக்கு. 'குப்பை'ன்னு ஒரு ஃபோல்டர்ல."

மேசைக்கடியில் அக்கா அவர் காலை மிதித்தாள். நான் குனிந்து பார்த்தேன், நல்ல மிதி.

அக்காவிடம் பாடமுறையைக் கேட்டுக்கொண்டு எடிட்டர் துண்டுகளை ஒட்ட உட்கார்ந்தார். படியேறும்போதுகூட இரண்டு ஏறி இரண்டு இறங்குகிறார் என்றாள் அக்கா. அவள் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம். எப்படியோ, ஒட்டி முடித்துக் கொண்டுவந்தார்.

"சார், ஒரு இடத்துல மட்டும் திரும்பி வர்ற வரிசை இல்ல."

"நீங்கதான் தூக்கிப் போட்டிருப்பீங்க."

"அங்க வெட்டின துண்டு இருக்கு சார். அதுல இதுதான் இருக்கு."

போட்டுக் காட்டினார். கொட்டாவி. நீளமான, கம்பீரமான, துளி இரைச்சல் இல்லாத பதிவு.

அப்பா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். மைக்கை இழுத்து, விட்டுப்போனதைச் சொல்லி முடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இந்த விஷயம் குடும்பத்தை விட்டு வெளிய போகக் கூடாது."

எடிட்டர் ஹெட்போனை நிதானமாகக் கழற்றினார். "நான் குடும்பத்துல இல்லையே சார்."

அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா மின்விசிறியைப் பார்த்தாள்.

"இன்னும் என்ன சார்? மாமான்னு கூப்பிடுங்க," என்றார் அப்பா.

"சரி மாமா. மாமா சரி. சரி மாமா," என்றார் எடிட்டர்.